சும்மாதான் இருக்கிறாளா உங்கள் மகள்?



முற்பகல் பத்து மணி இருக்கும். நீங்கள் குசினியில் பகல் சமையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளறையில் மகள் கணனிக்கு முன்னால் இருக்கிறாள். காலைச் சாப்பாடு முடிந்ததிலிருந்து அந்த இடத்தை விட்டு அசையவில்லை. எட்டிப் பார்க்கிறீர்கள். திரையில் ஒரு கல்யாண அழைப்பிதழ். மாப்பிள்ளையின் பெயரை ஒரு நூலளவு மேலே நகர்த்துகிறாள். தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். மீண்டும் கீழே இறக்குகிறாள். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கணனி தன்பாட்டில் கிடக்கிறது. மகளோ ஜன்னலோரம் அமர்ந்து ஒரு துண்டுத் துணியில் குறுக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறாள்!

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி வருகிறார்.

"மகளுக்கு இன்னும் தொழில் ஒன்றும் சரிவரவில்லையா?"

"இல்ல மாமி, வீட்டிலதான் சும்மா இருக்கிறா. கம்பியூட்டர்ல என்னத்தையோ கீறிக்கொண்டு இருப்பா."

நீங்கள் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளறையில் ஊசி பிடித்திருந்த கை ஒரு கணம் நின்றுவிட்டதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். அந்தச் 'சும்மா' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒருவேளை, நீங்களே அந்த மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். அப்படியானால், வாசித்து முடித்ததும் இந்தப் பக்கத்தை மடித்து உம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.

குசினி இராக்கையைப் பாருங்கள்

தேயிலைப் பெட்டி, பால்மாப் பைக்கற்று, மிளகாய்த்தூள் உறை, பிள்ளையின் பாணி மருந்துப் போத்தல், சுவரில் தொங்கும் கலண்டர், அப்பியாசக் கொப்பியின் அட்டை... இவற்றில் எந்த எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும், எது சிறிதாக இருக்க வேண்டும், எந்த நிறம் எங்கே வர வேண்டும், எவ்வளவு இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தீர்மானித்திருக்கிறார். அவரைத்தான் கிரபிக் டிசைனர் என்கிறோம். நல்ல தமிழில் வரைகலை வடிவமைப்பாளர்.

இது வெறும் அழகு காட்டும் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். நடுநிசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கிய வெளிச்சத்தில் மருந்துப் போத்தலை எடுத்து, அது காலாவதியாகிவிட்டதா, இந்த வயதுப் பிள்ளைக்கு எத்தனை மில்லிலீற்றர் கொடுக்கலாம் என்று தேடுகிறீர்கள். சட்டென்று கண்ணில் பட்டுவிட்டால் மருந்தைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். அந்த லேபலை அமைத்தவரைப் பற்றி நினைக்கவும் மாட்டீர்கள். கண்ணில் படாவிட்டால்தான் ஏசுவீர்கள்! ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது, பிழைத்துப் போனால் எல்லோருக்கும் தெரியும். இந்த விடயத்தில் வடிவமைப்பாளரின் வேலையும் இல்லத்தரசியின் வேலையும் ஒன்றுதான் அல்லவா?

நம் நாட்டிலோ இவ்வேலைக்கு இன்னுமொரு சிரமம் உண்டு. ஒரே பலகையில், ஒரே பெட்டியில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளையும் இருத்த வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் பெரும்பாலும் நீண்டு போகும். சிங்கள எழுத்துகளும் தமிழ் எழுத்துகளும் மேலும் கீழும் கொம்பும் சுழியுமாக நீள்வதால் வரிகளுக்கு நடுவே கூடிய இடைவெளி விட வேண்டும். மூன்று மொழியாரும் தம் மொழி ஒதுக்கப்பட்டதாக எண்ணாமலிருக்க, மூன்றையும் ஒரே மதிப்போடு வைக்க வேண்டும். மூன்று விருந்தாளிகளை ஒரே பாயில் இருத்திச் சோறு பரிமாறுவது போன்ற பக்குவம் அது!

ஒரு நாள் பொழுது

அப்படியானால், மாப்பிள்ளையின் பெயரை அவள் ஏன் அவ்வளவு நேரம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்? அவளுடைய ஒரு நாளைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

அழைப்பிதழுக்கான விபரங்கள் வந்து சேர்வதே ஒரு பெரிய கதை. பெயர்கள் ஒரு வாட்ஸ்அப் செய்தியில், மண்டபத்தின் பெயர் இன்னொன்றில், திகதி தொலைபேசியில் வாய்மொழியாக. சிலவேளை வேறொருவர் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்பியிருப்பார். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துச் சரிபார்ப்பதற்கே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

அதன் பிறகு கடதாசியும் பென்சிலும். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பழகிய வடிவமைப்பாளர் பலர் முதலில் கணனியைத் தொடுவதில்லை. சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீறி, பெயர் இங்கே வரலாமா, பூ அங்கே வரலாமா என்று பத்துப் பதினைந்து விதமாகப் போட்டுப் பார்ப்பார்கள். அவற்றில் இரண்டோ மூன்றோதான் திரைக்குப் போகும்.

திரையில் வந்ததும் எழுத்துகளின் சண்டை ஆரம்பமாகும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விழுந்தால் ஒரு பெயர் இரண்டாக உடைந்து தெரியும். கணனி அதைத் தானாகச் சரிசெய்யும் என்றாலும் எப்போதும் சரியாகச் செய்யாது. கண்தான் கடைசி நீதிபதி. மகள் ஒரு நூலளவு நகர்த்திப் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

நிறமும் இலேசான காரியமில்லை. திரையில் நாம் காண்பது ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் கலந்தே எல்லா நிறமும் அங்கே உண்டாகிறது. அச்சகத்திலோ ஒளி கிடையாது, மை மட்டுமே. வெளிர்நீலம், ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் நெருக்கமாக விழுந்துதான் வண்ணப்படம் பிறக்கிறது. எனவே திரையில் பளீரென்று மின்னிய பச்சை, அட்டையில் மங்கிப்போய் வரும். மணமகளின் உம்மா, "நான் கேட்ட பச்சை இதுவல்லவே!" என்பார். இதை முன்கூட்டியே எண்ணி நிறம் தெரிவு செய்வதும் அவள் பொறுப்பு.

இன்னும் கேளுங்கள். அச்சடித்த தாளை இயந்திரம் வெட்டும்போது ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியும். ஆதலால் வெட்டும் எல்லைக்கு வெளியேயும் சுமார் 3 மில்லிமீற்றர் வரை நிறத்தை நீட்டி வைக்க வேண்டும். நல்ல அச்சுக்குப் படத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள வழக்கு. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த புகைப்படத்தைக் கொடுத்து, "இதைப் பெரிசாப் போடுங்கோ" என்று கேட்டால், பெரிதாகுவது மங்கல் மட்டும்தான்!

இவ்வளவும் முடிந்து அனுப்பினால், பதில் வரும்: "நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் மாத்தலாமா?" அந்தக் 'கொஞ்சம்' சிலவேளை மூன்று நாள் வேலை. கடைசியாக எழுத்துப் பிழை பார்த்தல். திகதி பிழைத்தால், ஐந்நூறு அட்டையும் குப்பைக்கு. அந்த நட்டத்தை யார் தாங்குவது?

இப்போது சொல்லுங்கள், சகோதரியே. இது சும்மா இருப்பதா?

பாதி வேலையில் ஊசியும் நூலும் ஏன்?

"சரி, வேலை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால், அந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் தையல் போடுகிறாளே, அது என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் காத்திருக்கிறார், வேலை முடியவில்லை, இவள் வேறெதையோ செய்துகொண்டிருக்கிறாள். கவனம் சிதறிவிட்டது என்றே யாருக்கும் தோன்றும்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, உங்களை அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் கொஞ்சம் அழைத்துப் போகிறேன். அங்கே, இத்தொழிலில் உலகப் பெயர் பெற்ற ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. அதன் வேர் ஓர் உம்மா மகளுக்குச் சொல்லிக்கொடுத்த தையலில் ஓடுகிறது.

1,024 கட்டங்கள்

சூசன் கெயர் 1954ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலே வரைதல், கைவேலை என்று எந்நேரமும் எதிலாவது மூழ்கியிருந்தார். துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் போடும் பூத்தையலை அவருடைய தாயார் அவருக்குப் பழக்கினார். இந்த இழையில் ஒரு தையல், அடுத்த இரண்டு இழைகளை விட்டு இன்னொன்று என்று எண்ணிக்கை தவறாமல் போட்டால்தான் கடைசியில் பூவோ பறவையோ தெரியும். நம் பெண்கள் குறுக்குத் தையல் போடுவதும், கிழக்கிலே பன்பாய் இழைப்போர் சாயமிட்ட பன்னை எண்ணி ஏற்றி இறக்கிக் கோலம் எழுப்புவதும் இதே கணக்குத்தான்.

சூசன் படித்துக் கலைத்துறையில் 1978இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். கணனி அவருக்குத் தெரியாத பொருள். 1982இல், உயிரளவான ஒரு விலங்குச் சிற்பத்தை இரும்பில் ஒட்டி உருவாக்கிக்கொண்டிருந்த வேளை, அவருடைய பாடசாலைக் கால நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அன்டி ஹேர்ட்ஸ்ஃபெல்ட் என்ற அந்த நண்பர், அப்பிள் நிறுவனத்தில் 'மெக்கின்டொஷ்' எனும் புதிய கணனியைச் செய்யும் குழுவில் இருந்தார். அந்தக் கணனிக்குச் சின்னச் சின்னப் படங்கள் தேவைப்பட்டன. "கணனி வேண்டாம். சிறு கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்கி, அதில் 32க்கு 32 கட்டங்களை எல்லையாக வைத்து நிரப்பிப் பார்" என்பதே அவர் சொன்ன யோசனை.

32ஐ 32ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு, அல்லது வெள்ளை. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. அதற்குள் ஒரு குப்பைத் தொட்டியைக் காட்ட வேண்டும், ஒரு தாளைக் காட்ட வேண்டும், சாயம் ஊற்றும் வாளியைக் காட்ட வேண்டும். அதுவும், கணனியை வாழ்நாளில் தொட்டிராத ஒருவர் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும்படியாக!

சூசன் கட்டங்களை நிரப்பினார். இழை எண்ணித் தைத்துப் பழகிய கைக்கு அது புதிதாகவே இருக்கவில்லை. திரைப் புள்ளிகளைக் கொண்டு படம் அமைப்பது பூத்தையலையும் கற்பதித்த சித்திரத்தையும் போன்றதே என்றும், அவற்றையெல்லாம் தாம் முன்னரே செய்து பழகியிருந்ததாகவும் அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1983 ஜனவரியில் அந்தக் குழுவில் சேர்ந்தார். 1984 ஜனவரி 24ஆம் திகதி மெக்கின்டொஷ் வெளிவந்தது. அதை இயக்கியதும் திரையில் சிரித்த முகத்தோடு தோன்றிய குட்டிக் கணனிப் படம் அவர் கீறியதே. கணனியில் எதையாவது அழிக்கக் குப்பைத் தொட்டியில் போடுகிறோமே, அந்தப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பிய படங்களில் அவர் கீறிய தொட்டியும் ஒன்று.

அந்த ஒரு வருட காலத்தில் அவர் நாள் முழுவதும் கொடுத்த வேலையை மட்டுமே செய்துகொண்டிருந்தாரா? இல்லை. வேலைக்கு நடுவே, உடன் வேலை செய்தவர்களின் முகங்களை அதே 32க்கு 32 கட்டத்துக்குள் கீறி விளையாடினார். யாரும் கேட்காத வேலை அது. விடயம் பரவிற்று. நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ்கூடத் தன் முகத்தையும் கீறச் சொல்லி வாங்கிக்கொண்டார்! அதே 1983இல், குழுவினர் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, உடன் வேலை செய்த ஒருவர் கறுப்புத் துணியில் ஒரு கொள்ளையர் கொடி தைத்தார். அதில் மண்டையோட்டைத் தீட்டி, அதன் ஒரு கண்ணுக்கு மூடியாக வானவில் நிற அப்பிள் சின்னத்தைப் போட்டவர் சூசன்தான். வேலைக்குச் சம்பந்தமில்லாத குறும்பு என்றே யாரும் சொல்வார்கள். ஆனால், ஒரு மனித முகத்தை 1,024 கட்டத்துக்குள் அடையாளம் காட்டப் பழகிய கைக்கு, ஒரு குப்பைத் தொட்டி எம்மட்டு?

இன்னொரு சம்பவம் இதைவிடச் சுவையானது. கணனியின் கட்டளைகளுக்குப் பக்கத்தில் அப்பிள் படத்தையே அடையாளமாகப் போட்டிருந்தார்கள். பட்டியல் முழுவதும் அப்பிளாக நிறைந்துவிட்டதென்று ஜொப்ஸ் சலித்துக்கொண்டார். வேறு சின்னம் வேண்டும், அதுவும் உடனே. சூசன் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கவில்லை. உலகச் சின்னங்களைத் தொகுத்த ஒரு நூலை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பார்ப்பவருக்குப் பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கும். அதில், சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்ட வைக்கப்படும் ஓர் அடையாளம் கண்ணில் பட்டது. நான்கு மூலையிலும் வளையம் போட்ட ஒரு சதுரம். அதையே எடுத்தார். இன்றும் அப்பிள் கணனிகளின் விசைப்பலகையில் அது இருக்கிறது.

பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வின்டோஸ் 3.0 கணனி முறைமைக்கும் அவர் படங்கள் கீறினார். 1990இல் அதனோடு வந்த 'சொலிட்டயர்' விளையாட்டின் சீட்டுகளும் அவர் கைவண்ணமே. ஆரம்பத்தில் பென்சிலால் நிரப்பிய அந்தக் கட்டக் கொப்பிப் பக்கங்களை நியூயோர்க்கின் நவீன கலைக் காட்சியகம் வாங்கி 2015இல் காட்சிக்கு வைத்தது.

கைத்துடைப்பானில் கீறிய இலச்சினை

இன்னுமொரு பெண்மணியையும் பார்ப்போம். பவுலா ஷேர் என்பவர் நியூயோர்க்கில் நெடுங்காலம் இத்தொழில் செய்பவர். 1998இல் சிட்டிகோர்ப், டிரவலர்ஸ் என்ற இரு பெரும் நிதி நிறுவனங்கள் ஒன்றாகி 'சிட்டி' ஆனபோது, அதற்கான இலச்சினையை முதற் சந்திப்பின்போதே ஒரு கடதாசிக் கைத்துடைப்பானில் கீறிவிட்டார். டிரவலர்ஸின் சின்னம் ஒரு சிவப்புக் குடை. ஆங்கிலத்தில் சிட்டி என்று எழுதும்போது நடுவில் வரும் எழுத்து குடையின் பிடி போல வளைந்திருக்கும். அதன் மேலே ஒரு சிவப்பு வளைவைப் போட்டதும் குடை விரிந்துவிட்டது!

சில விநாடிகளில் முடிந்த வேலைக்கா அவ்வளவு பணம் என்று கேட்போர் உண்டு. பல்லாண்டுகளாகக் கண்டதும் கற்றதும் கையில் இருந்தபடியால்தான் அது சில விநாடிகளில் வந்தது என்பதே அவர் தரும் விளக்கம். நாற்பது வருடம் சமைத்த உம்மம்மா, உப்பைக் கிள்ளிப் போடும்போது அளக்கிறாரா என்ன?

அதே பவுலா ஷேர், 1990களில் வடிவமைப்பு வேலை முழுவதும் கணனிக்குள் போய்விட்டபோது, கையால் எதுவும் செய்யாதிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நாடுகளின் தேசப்படங்களைச் சுவரளவு துணியில், ஊர்ப் பெயர்களையெல்லாம் கையாலேயே எழுதித் தீட்டத் தொடங்கினார். யாரும் கேட்டுச் செய்ததல்ல. ஒரு படம் முடிய மாதக் கணக்காகும். வேலைக்கு வெளியே தமக்காகத் தொடங்கிய அந்த ஓவியங்கள் இன்று காட்சியகங்களில் தொங்குகின்றன.

கையை நிறைப்பதும் கண்ணைப் பறிப்பதும்

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டுவிட்டு, இனி மகள் என்ன செய்தாலும் அது கலைதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இதில் பிரித்தறிய வேண்டிய ஒன்று உண்டு.

நூல்கண்டு சிக்கலாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? இழுக்க இழுக்க இறுகும். கொஞ்சம் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால், எந்த நுனியைப் பிடிக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். ஒரே எழுத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அதன் பிழை தெரியாது. கையை வேறொன்றில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் முதற்பார்வையிலேயே தெரிந்துவிடும். தையல், கீறுதல், ரேந்தை பின்னுதல், பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுதல் எல்லாம் இந்த வகை. இவை கையை நிறைக்கும், மனத்தை விட்டுவிடும்.

கையடக்கத் தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காணொளி பார்ப்பது வேறு வகை. அது கையை வெறுமையாக்கி, கண்ணையும் மனத்தையும் சேர்த்துப் பறித்துக்கொள்ளும். முன்னதிலிருந்து எழும்போது ஒரு பூ தைக்கப்பட்டிருக்கும். பின்னதிலிருந்து எழும்போது ஒரு மணி நேரம் காணாமற் போயிருக்கும். எழுந்து வரும்போது மகளின் முகத்தைப் பாருங்கள். அவள் எதில் இருந்தாள் என்பது உங்களுக்கே விளங்கும்.

கண்ணுக்கும் இந்த இடைவேளை தேவை. திரையில் வேலை செய்வோர் 20 நிமிடத்துக்கொரு தடவை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 விநாடிகளாவது பார்க்க வேண்டும் என்று கண் வைத்தியர்கள் சொல்வதுண்டு. மகள் மாமரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே குசினிக்குக் கூப்பிடாதீர்கள்!

வீட்டார் கவனிக்க வேண்டியவை

முதலாவது, 'சும்மா' என்ற சொல்லை விடுங்கள். "மகள் டிசைன் வேலை செய்கிறா" என்று சொல்லிப் பழகுங்கள். வீட்டுக்கு வரும் உறவுகள் அவளை எப்படிக் கணிக்கிறார்கள் என்பது பெரும்பாலும் உங்கள் வாயில்தான் இருக்கிறது.

இரண்டாவது, அவளுக்கென்று வேலை நேரத்தைப் பேசி ஒதுக்குங்கள். வீட்டு வேலையில் பங்கெடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், பத்து நிமிடத்துக்கொரு தடவை "கொஞ்சம் வந்திட்டுப் போ" என்று எழுப்பினால், எண்ணிக்கொண்டிருந்த இழை தவறிவிடும். வேலை முடியும் நேரத்தை அவளிடம் கேளுங்கள். அதன் பிறகு கூப்பிடுங்கள்.

மூன்றாவது, கூலி. "சாச்சிட மகள்ட கல்யாணம்தானே, ஒரு காட் அடிச்சுக் குடு" என்று உறவுக்காக நீங்கள் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தையற்காரியிடம் சட்டையைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காசு கொடுக்காமல் வருவோமா? அன்பளிப்பாகச் செய்வதானால் அதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். அவளுடைய வேலையை நீங்கள் அன்பளிப்புச் செய்ய முடியாது.

நான்காவது, நல்ல மேசையும் முதுகைத் தாங்கும் கதிரையும். தையல் மெஷினுக்கு வெளிச்சமான இடம் பார்த்து வைப்பது போல இதற்கும் ஓர் இடம் பாருங்கள்.

மகளுக்கும் ஒரு சொல்

தங்கையே, உனக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஜன்னலோரத் தையல் உன் வேலையின் ஒரு பங்கு என்பது உண்மை. ஆனால், சொன்ன திகதிக்குக் கொடுக்காமல் "இன்னும் யோசனை வரவில்லை" என்று தட்டிக் கழிப்பதற்கு அது போர்வையாகிவிடக் கூடாது. சூசன் கெயர் விளையாடினார். ஆயினும், கணனி வெளிவரும் நாளில் படங்கள் தயாராக இருந்தன.

வேலை தொடங்கும்போதே கூலியையும், எத்தனை தடவை திருத்தித் தருவாய் என்பதையும் எழுத்தில் பேசிக்கொள். பாதியை முற்பணமாக வாங்கு. அச்சுக்குப் போகும் முன் பெயர், திகதி, இடம் மூன்றையும் வாடிக்கையாளரே வாசித்துச் சரியென்று எழுதித் தரட்டும். செய்த வேலையை இரண்டு இடங்களில் சேமித்து வை.

இன்னொருவர் கீறியதை எடுத்து உன்னுடையதென்று போடாதே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டிலும் ஓவியருக்கும் வடிவமைப்பாளருக்கும் பாதுகாப்புத் தருகிறது. அது உனக்கும் பாதுகாப்பு, உன்னிடமிருந்தும் மற்றவருக்குப் பாதுகாப்பு.

"இப்போது செயற்கை நுண்ணறிவே படம் கீறித் தருகிறதே, உன் வேலை எதற்கு?" என்று கேட்பார்கள். அது ஒரு நிமிடத்தில் நூறு படம் தரும். இந்தக் கல்யாணத்துக்கு, இந்தக் குடும்பத்துக்கு, இந்த ஊருக்கு எது பொருந்தும் என்று அந்த நூறில் ஒன்றைத் தெரிவதும், திகதி பிழைத்திருப்பதைக் கண்டுபிடிப்பதும், நிறம் அச்சில் எப்படி வரும் என்று அறிவதும் பழகிய கண்ணின் வேலை. அந்தக் கண்ணைத் தீட்டிக்கொள்.

கடைசியாக, உங்களிடம் ஒன்று, சகோதரியே. மகளுக்குத் தையல் பழக்கிய அந்த அமெரிக்கத் தாயார், எதிர்காலக் கணனித் திரையை எண்ணிப் பழக்கியிருக்கமாட்டார். இழை எண்ணப் பழக்கினார், அவ்வளவுதான். உங்கள் மகள் இன்று ஜன்னலோரம் இருந்து போடும் குறுக்குத் தையலை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீங்கள்தானே?

பக்கத்து வீட்டு மாமி நாளைக்கும் வருவார். அதே கேள்வியைக் கேட்பார். இந்தத் தடவை, அச்சாகி வந்த அந்தக் கல்யாண அழைப்பிதழை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "இது எங்கட மகள் செய்தது, மாமி" என்று சொல்லுங்கள்.